வெற்றி விழுக்காடா, திரும்பும் பணமா: குதிரைப் பயிற்சியாளரை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் டர்பனில் நம்மவர் வீடுகளில் பேச்சு தானாகவே கிரேவில் குதிரைப் பந்தயத் திடல் பக்கம் திரும்பிவிடுகிறது. ஜூலை மாத முதல் சனிக்கிழமை ஓடப்போகும் ‘டர்பன் ஜூலை’ பந்தயத்துக்காகக் கேப் டவுனிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்குகின்றன. ஓடும் குதிரைகளின் விவரம் அச்சிட்ட ரேஸ் கார்டில் பயிற்சியாளர் பெயர்கள் கூடுகின்றன. யாரை நம்புவது என்ற கேள்வியும் அவற்றோடு வந்துவிடுகிறது. இந்த ஆண்டு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட இருவரின் நிலைமை ஒன்றுக்கொன்று வேறானது. ஒருவர் சாட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு வாரந்தோறும் பந்தயத்தில் சிறு தொகை கட்டுபவர். மற்றவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தம் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து ஓர் இரண்டு வயதுக் குதிரையில் பங்கு வாங்க எண்ணியிருப்பவர். இருவர் கையிலும் ஒரே பட்டியல்தான் இருந்தது. ஆனால் வெற்றி விழுக்காட்டின்படி அடுக்கினால் முதலில் வந்த பெயர்கள், பந்தயத்தில் திரும்பும் பணத்தின்படி அடுக்கினால் கீழே போய்விட்டன.

இந்தக் குழப்பம் எனக்கும் பழையது. என் அப்பா ரேஸ் கார்டின் ஓரத்தில் பயிற்சியாளர் பெயருக்கு எதிரே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு போடுவார். குதிரை வென்றால் அதன்மீது குறுக்குக் கோடு போடுவார். அவர் விலையை, அதாவது குதிரை வென்றால் கட்டிய 1 ராண்டுக்கு எவ்வளவு திரும்பும் என்பதை, எழுதியதே இல்லை. பிற்காலத்தில் நான் அதே கோடுகளுக்குப் பக்கத்தில் விலையையும் எழுதத் தொடங்கியபோதுதான், அவர் பெரிதும் மதித்த ஒரு பயிற்சியாளரின் லாயத்துக் குதிரைகள்மீது கட்டிய பணம் ஆண்டுதோறும் கரைந்துகொண்டே வந்தது என்பதைக் கண்டேன். அப்பாவின் மதிப்பீடு தவறானதன்று. அந்த லாயத்தின் திறமையை அவர் சரியாகவே அளந்தார். அந்தத் திறமைக்குப் பணம் கட்டும் கூட்டம் ஏற்கெனவே விலை வைத்துவிட்டது என்பது மட்டும் அவருடைய அளவில் தெரியவில்லை.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுகிறோம்

ஓர் அளவு நல்லதா என்று பார்க்க நான்கு கேள்விகளைக் கேட்கிறேன். அது பயிற்சியாளரின் வேலையை அளக்கிறதா, அல்லது அவர் கைக்கு வந்த குதிரைகளின் தரத்தை அளக்கிறதா? எத்தனை ஓட்டங்களுக்குப் பிறகு அந்த எண்ணை நம்பலாம்? விலை அதற்குள் அடங்கியிருக்கிறதா? அதைத் தொகுக்கும்போதும் அதை நம்பிப் பணம் போடும்போதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் செலவு என்ன? இவற்றுள் இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

தென்னாப்பிரிக்காவில் பயிற்சியாளர்களின் அதிகாரபூர்வப் பட்டத்தை இந்த இரண்டு அளவுகளுமே தீர்மானிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரையிலான பருவத்தில் யாருடைய குதிரைகள் அதிகப் பரிசுத்தொகை ஈட்டினவோ அவரே சாம்பியன் பயிற்சியாளர். பெரிய பந்தயங்களில் இறக்கத் தகுந்த குதிரைகளை வாங்கித் தரும் உரிமையாளர்கள் யாரிடம் இருக்கிறார்கள் என்பதையே அந்த எண் பெரிதும் காட்டுவதால், என்னிடம் கேட்ட அந்த இருவரின் கேள்விக்கும் அது நேரடியாக விடை தராது.

## வெற்றி விழுக்காடு

இறக்கிய குதிரைகளில் நூற்றுக்கு எத்தனை வென்றன என்பதே இந்த அளவு. இதைத் தொகுக்க ரேஸ் கார்டும் முடிவுகளும் போதும். இதன் பெரிய நன்மை, இது விரைவில் நிலைபெறுகிறது என்பதுதான். நல்ல லாயத்துக்கும் சாதாரண லாயத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு இதில் பெரியதாக இருக்கிறது. ஒருவர் நூற்றுக்கு 20 வெல்கிறார், மற்றவர் 8 வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 ஓட்டங்கள் முடிந்த நிலையில், அதிர்ஷ்டம் மட்டுமே முன்னவரின் எண்ணை ஏறத்தாழ 3 புள்ளியும் பின்னவரின் எண்ணை 2 புள்ளியும் அசைக்கக்கூடும். இடைவெளியோ 12 புள்ளி. ஆகவே ஒரு பருவத்துக்குள்ளேயே இருவரையும் ஐயமின்றிப் பிரித்துவிடலாம்.

ஆயினும் இந்த எண்ணுக்குள் பயிற்சியாளரோடு தொடர்பில்லாத பல கலந்திருக்கின்றன. முதலாவது, பந்தயத்தில் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கை. எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் எந்தத் திறமையும் இல்லாத ஒருவருக்குக்கூடச் சராசரியாக 12.5 விழுக்காடு கிடைக்கும். பதினான்கு ஓடினால் 7.1 தான். சிறு பந்தயங்களைத் தேடித் தேடிக் குதிரையை இறக்குபவரின் எண் தானாகவே உயர்ந்து நிற்கும். இரண்டாவது, ஒரே பந்தயத்தில் ஒரே லாயம் பல குதிரைகளை இறக்குவது. பெரிய லாயங்கள் டர்பன் ஜூலை போன்ற பந்தயத்தில் மூன்று நான்கு குதிரைகளை இறக்குவது வழக்கம். நான்கை இறக்கி ஒன்று வென்றால் அது அந்த லாயத்துக்கு எவ்வளவு பெரிய நாள்! கணக்கிலோ அது 25 விழுக்காடுதான். அதற்கு மேல் போக வழியே இல்லை.

மூன்றாவது காரணம் ஹாண்டிகேப். நம் நாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் மெரிட் ரேட்டிங் என்ற தரப்புள்ளி தரப்படுகிறது; ஹாண்டிகேப் பந்தயத்தில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ என்ற கணக்கில் சுமை கூடுகிறது. வென்ற குதிரைக்குப் புள்ளி ஏறும், அடுத்த முறை அது கூடுதல் சுமையோடு ஓடும். எல்லாக் குதிரைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவதற்கென்றே வகுக்கப்பட்ட பந்தயத்தில் வெற்றி விழுக்காடு குறைவது இயற்கையே. 1897இல் தொடங்கிய டர்பன் ஜூலையும் ஹாண்டிகேப்தான். எனவே, இதுவரை வெல்லாத குதிரைகளுக்கான மெய்டன் பந்தயங்களில் பெரிய வீட்டுக் குதிரைகளை இறக்கி எண்ணைச் சேர்த்த பயிற்சியாளரையும், வயதான ஹாண்டிகேப் குதிரைகளைத் தட்டிக்கொடுத்து ஓட்டும் பயிற்சியாளரையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது பின்னவருக்கு இழைக்கும் அநீதி.

தளத்தையும் பார்க்க வேண்டும். கிரேவிலில் புல்தரை ஓடுபாதையின் உள்வட்டத்தில் 2014 முதல் பாலிட்ராக் என்ற செயற்கைத் தளமும் இருக்கிறது. இரண்டிலும் ஒரே லாயம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. கேப் டவுனின் பிலிப்பியில் இருந்துகொண்டு குளிர்காலத்தில் டர்பனுக்குக் குதிரைகளை அனுப்பும் ஜஸ்டின் ஸ்னைத் போன்றவர்களின் ஆண்டு முழுவதற்குமான எண்ணைப் பார்த்து கிரேவிலில் பணம் கட்டுவதும் சரியாகாது. இங்கே அனுப்பப்படுபவை அந்த லாயத்தின் பொறுக்கியெடுத்த குதிரைகள்.

இந்த அளவின் மறைமுகச் செலவு ஒன்றே. ஆனால் அது பெரியது. அதிக விழுக்காடு உள்ள பயிற்சியாளரை ஊரே அறியும். அவர் குதிரையின் விலை எப்போதும் குறைந்தே நிற்கும். ஜாக்கிகளுக்கும் இதே நிலைதான். 1998-99இல் அந்தோணி டெல்பெக் 334 வெற்றிகளோடு வைத்த சாதனையை 2023-24 பருவத்தில் ரிச்சர்ட் ஃபூரி முறியடித்தபோது, அவர் ஏறிய குதிரைகளின்மேல் எவ்வளவு பணம் குவிந்தது என்பதை டோட் எனப்படும் பொதுத் தொகுப்புப் பந்தயச் சாளரத்தின் முன் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

## திரும்பும் பணம்

ஒரு பயிற்சியாளர் இறக்கும் ஒவ்வொரு குதிரைமீதும் ஒரே தொகையை, உதாரணமாக 1 ராண்டு, கட்டியிருந்தால் கடைசியில் எவ்வளவு திரும்பியிருக்கும் என்பதே இந்த அளவு. விலை இதற்குள் அடங்கியிருக்கிறது என்பதால் பணம் கட்டுபவருக்கு இதுவே நேரான கேள்வியாகத் தோன்றுகிறது. டோட், கட்டப்பட்ட பணத்தையெல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்த்து, தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மிச்சத்தை வென்றவர்களுக்கு டிவிடெண்டாகப் பிரிக்கிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குதிரைகள்மீதும் கட்டுபவர் நீண்ட காலத்தில் அந்தப் பங்களவு இழந்தே தீருவார். ஒரு பயிற்சியாளரின் எண் நட்டத்தைக் காட்டினால் அவர் மோசமானவர் என்று பொருளில்லை. எல்லோருக்கும் பொதுவான அந்த இழப்பைவிட அது எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதையே பார்க்க வேண்டும்.

இந்த அளவின் குறை, இது நிலைபெறவே பெறாது என்று சொல்லுமளவுக்கு மெதுவாக நிலைபெறுவதுதான். சராசரியாக 1 ராண்டுக்கு 9 ராண்டு தரும் விலையுள்ள குதிரைகள்மீது 100 முறை கட்டினால், அதிர்ஷ்டம் மட்டுமே முடிவை 28 ராண்டு வரை மேலேயோ கீழேயோ தள்ளுவது சர்வசாதாரணம். 400 முறை கட்டினாலும் அந்த ஆட்டம் நூற்றுக்கு 14 ராண்டாகத்தான் குறையும். விலை அறிந்த கூட்டம் எல்லோரையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிறுத்திவிடுவதால், இரண்டு பயிற்சியாளர்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு நூற்றுக்கு 10 ராண்டு இருந்தாலே பெரிது. அந்த 10 ராண்டு உண்மையா அதிர்ஷ்டமா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஆளுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்கள் தேவைப்படும். ஆண்டுக்கு 400 குதிரைகளை இறக்கும் லாயத்துக்கு அது 16 ஆண்டுகள். அதற்குள் குதிரைகள், ஜாக்கிகள், உரிமையாளர்கள் எல்லோரும் மாறியிருப்பார்கள். பயிற்சியாளரின் பிள்ளைகூடப் பொறுப்பேற்றிருக்கலாம்.

மறைமுகச் செலவுகளும் இதில் அதிகம். எந்த விலையை எழுதுவது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. பந்தயப் பணத்தைத் தாமே ஏற்கும் புக்மேக்கர் காலையில் தரும் விலை ஒன்று, ஓட்டம் தொடங்கும்போது உள்ள விலை வேறு, டோட் கடைசியில் அறிவிக்கும் டிவிடெண்ட் இன்னொன்று. அச்சிட்ட பட்டியல் இவற்றுள் எதைக் கொண்டு தொகுக்கப்பட்டது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது. புக்மேக்கரிடம் வென்ற பணத்தில் மாகாண வரி கழியும். பட்டியலில் அந்தக் கழிவு இருக்காது. கூட்டம் குறைந்த வாரநாளில் டோட்டின் சிறிய தொகுப்பில் நீங்கள் கட்டும் பணமே உங்கள் டிவிடெண்டைக் குறைத்துவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இரு குதிரைகள் சமமாக முடிக்கும்போது இந்த இரண்டு அளவுகளும் எப்படிப் பிரிகின்றன என்பது தெளிவாகத் தெரியும். 1967 டர்பன் ஜூலையில் சிட் லேர்ட் பயிற்றுவித்த சீ காட்டேஜும், ஜாலிஃபை என்ற இன்னொரு குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டன. முந்தைய ஆண்டு டர்பன் கடற்கரையில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாகித் தேறிவந்த குதிரை சீ காட்டேஜ் என்பதால், நம் ஊர் முதியவர்கள் அதன் பெயரைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறுகிறது. பயிற்சியாளர் கணக்கில் அது ஒரு முழு வெற்றி. பணம் கட்டியவருக்கோ தொகுப்பை இரு குதிரைகளுக்கும் பிரித்த பிறகு கிடைத்ததுதான் மிச்சம்.

## ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்த லாயத்தின் எண்களும் அல்ல.

| | பயிற்சியாளர் அ | பயிற்சியாளர் ஆ |
|---|---|---|
| ஓட்டங்கள் | 200 | 200 |
| வெற்றிகள் | 40 | 18 |
| வெற்றி விழுக்காடு | 20 | 9 |
| வெற்றிக்குச் சராசரி டிவிடெண்ட் (ராண்டு) | 3.90 | 12.50 |
| திரும்பியது (ராண்டு) | 156 | 225 |
| நூற்றுக்கு இலாபம் அல்லது நட்டம் | 22 நட்டம் | 12.50 இலாபம் |
| மிகப் பெரிய இரண்டு டிவிடெண்டுகள் | 9, 8 | 46, 31 |
| அந்த இரண்டும் தோற்றிருந்தால் | 30.50 நட்டம் | 26 நட்டம் |

முதல் பார்வைக்கு ஆ என்பவரே பணம் தருபவர். இருவருக்கும் இடையே நூற்றுக்கு 34.50 ராண்டு இடைவெளி இருக்கிறது. இருவரிடமிருந்தும் மிகப் பெரிய இரண்டு வெற்றிகளை எடுத்துவிட்டால் அந்த இடைவெளி 4.50 ஆகச் சுருங்குகிறது. அதாவது ஓராண்டின் தீர்ப்பு முழுவதும் ஆ என்பவரின் இரண்டு குதிரைகள் கடைசி நூறு மீட்டரில் மூக்கை நீட்டினவா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பும் பணத்தைக் காட்டும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இந்த ஒரு சோதனையை முதலில் செய்யுங்கள். பெரிய இரண்டையும் எடுத்த பிறகும் நிற்கும் எண்ணை மட்டுமே மேலும் ஆராய்வதில் பொருளுண்டு.

## இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி

நான் இப்போது பயன்படுத்துவது மூன்றாவது ஓர் அளவு: கூட்டம் எத்தனை வெற்றிகளை எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தன என்பது. ஒரு குதிரையின் விலை 1 ராண்டுக்கு 4 ராண்டு என்றால், நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாக விலை சொல்கிறது. ஆனால் அந்தப் பந்தயத்தின் எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் இப்படிக் கூட்டினால் 100க்குப் பதிலாக, எடுத்துக்காட்டாக, 120 வரும். மிகுதி 20 கழிவுக்கானது. எனவே 25ஐ 1.2ஆல் வகுத்து 20.8 என்று கொள்ள வேண்டும். பயிற்சியாளர் இறக்கிய ஒவ்வொரு குதிரைக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் எதிர்பார்க்கப்பட்ட வெற்றிகள் கிடைக்கும்.

மேலே சொன்ன அ என்பவருக்கு அந்தக் கூட்டுத்தொகை 41.7 என்றும், ஆ என்பவருக்கு 18.3 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். அ 40 வென்றார், விகிதம் 0.96. ஆ 18 வென்றார், விகிதம் 0.98. இருவரும் கூட்டம் எதிர்பார்த்ததையே செய்திருக்கிறார்கள். ஒருவர் பணத்தைக் கரைப்பவர், மற்றவர் பணம் தருபவர் என்று பிரித்துக் காட்டிய பட்டியலின் பின்னால் வேறுபாடே இல்லை. ஒரு பெரிய டிவிடெண்ட் இந்த அளவில் ஒரே ஒரு வெற்றியாகத்தான் எண்ணப்படும் என்பதால் இது திரும்பும் பணத்தைவிட விரைவில் அமைதியடைகிறது.

இதற்கும் வரம்பு உண்டு. 18 வெற்றி என்பது அதிர்ஷ்டத்தால் 14 ஆகவோ 22 ஆகவோ இருந்திருக்கலாம். வெல்லும் வாய்ப்பு குறைவான நீண்ட விலைக் குதிரைகள்மீது மக்கள் தகுதிக்கு மேல் பணம் கட்டும் வழக்கம் பல நாட்டுப் பந்தயங்களிலும் காணப்படுவதால், அத்தகைய குதிரைகளையே அதிகம் இறக்கும் சிறு லாயத்தின் விகிதம் சற்றுக் குறைந்தே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பந்தயத்திலும் எல்லாக் குதிரைகளின் விலையையும் எழுத வேண்டியிருப்பதால் வேலை கடுமையானது. சனிக்கிழமை மாலையில் எனக்கு இரண்டு மணி நேரம் இதற்கே போகிறது.

## யாருக்கு எது பொருந்தும்

சாட்ஸ்வொர்த் நண்பருக்கு என் பரிந்துரை இது. வெற்றி விழுக்காட்டைக் கொண்டு குதிரையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதைப் பார்த்து மட்டும் பணம் கட்டக் கூடாது. பல பந்தயங்களை ஒரே சீட்டில் இணைக்கும் பிக் 6 அல்லது பிளேஸ் அக்குமுலேட்டர் போடுபவராக இருந்தால் வெற்றி விழுக்காடு கூடுதல் பயன் தரும், ஏனெனில் அங்கே அந்த வரிசையின் ஒவ்வொரு பந்தயத்திலும் தவறாமல் நிற்கும் குதிரை வேண்டும். அதன் தனி விலை அவ்வளவு முக்கியமில்லை. ஒற்றைக் குதிரைமீது வெற்றிக்குக் கட்டுபவருக்கு எதிர்பார்ப்போடு ஒப்பிடும் அளவே ஏற்றது. அதையும் மெய்டன், ஹாண்டிகேப் என்றும் புல், பாலிட்ராக் என்றும் பிரித்து எழுத வேண்டும். திரும்பும் பணத்தின் பட்டியலை அவர் ஒரே ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம்: விலை அளவுக்கு மீறிக் குறைந்துபோன லாயங்களைக் கண்டு ஒதுங்குவதற்கு. அ போன்ற ஒருவரின் நட்டம் நாற்பது வெற்றிகள்மேல் பரவியிருப்பதால், ஆ என்பவரின் இலாபத்தைவிட அது நம்பத்தக்க செய்தி.

பங்கு வாங்கப் போகும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சகோதரர்களுக்குத் திரும்பும் பணம் எவ்வகையிலும் உதவாது. கூட்டம் அந்தக் குதிரைக்கு என்ன விலை வைக்கிறது என்பதால் அவர்கள் மாதந்தோறும் கட்டும் பயிற்சிக் கட்டணமும் லாடச் செலவும் மருத்துவச் செலவும் ஒரு ராண்டுகூடக் குறையப்போவதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது வெற்றி விழுக்காட்டை, அதுவும் தங்கள் கைக்கு எட்டும் விலையில் வாங்கப்பட்ட குதிரைகளின் விழுக்காட்டை மட்டும். 2021 டர்பன் ஜூலையை வென்ற கொம்மெட்டிடிங் 55,000 ராண்டுக்கு வாங்கப்பட்டது. அதைப் பயிற்றுவித்த ஹரோல்ட் கிராஃபோர்ட், மிஷெல் ரிக்ஸ் இருவரின் லாயம் பெரிய லாயங்களில் ஒன்றன்று. மலிவான குதிரைகளைக் கொண்டு சராசரிக்கு மேல் வெல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மொத்த விழுக்காட்டுப் பட்டியலில் அவர்கள் நடுவில் ஒளிந்திருப்பார்கள். சம்மர்வெல்டு பயிற்சி மையத்துக்குப் போய்ப் பேசும்போது, கடந்த மூன்று பருவங்களில் இந்த விலைக்கு உட்பட்ட எத்தனை குதிரைகள் லாயத்துக்கு வந்தன, அவற்றில் எத்தனை ஓட்டத்துக்கே வந்தன, எத்தனை வென்றன என்று அந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள். ஓடாமலே போன குதிரை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அதற்கான செலவு மட்டும் உங்கள் கணக்கில் ஏறும்.

இரண்டு அளவுகளையும் தொகுக்கும் எல்லோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக் டி காக் தம் மகன் மேத்யூவோடும், பிரெட் கிராஃபோர்ட் தம் மகன் ஜேம்ஸோடும் கூட்டு உரிமம் பெற்றதுபோல, உரிமத்தின் பெயர் மாறும்போது பட்டியலில் புதிய பெயரின்கீழ் எண்கள் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். லாயம், குதிரைகள், காலை ஓட்டத்தை மேற்பார்க்கும் கண்கள் எல்லாம் பழையவையாகவே இருக்க, முப்பது ஓட்டங்களில் ஒரு புதுப் பயிற்சியாளர் வியப்பூட்டுவதாகப் பட்டியல் காட்டும். பழைய பெயரின் எண்களையும் புதிய பெயரின் எண்களையும் சேர்த்து ஒரே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 1 அன்று புதிய பக்கத்தைத் தொடங்கும்போதும் பழைய பக்கத்தின் கூட்டுத்தொகையை மேலே எடுத்து எழுதிவிட்டே தொடங்குங்கள்.